சீதன வீடும் பாதுகாப்பு இல்லமும்: திருகோணமலையில் வீட்டு வன்முறையிலிருந்து தப்பும் பெண்கள்

கிழக்கு மாகாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுடையது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் நெடுங்காலமாக நிலவும் வழக்கு இது. மகள் பிறந்தவுடனேயே தகப்பன் வளவுக்குள் ஒரு துண்டை அவளுக்கென்று மனதில் குறித்துவிடுகிறார். கலியாணத்துக்கு முன் அத்திவாரம் போட்டு, ஓட்டுக்குக் காசில்லாவிட்டால் தகரம் போட்டாவது வீட்டைக் கட்டிச் சீதன உறுதி எழுதிக் கொடுக்கிறார். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறார். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இவ்வழக்கு தாய்வழிக் குடிமுறையோடு சேர்ந்து இறுகியிருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியாப் பக்கங்களிலும் தாய்வழியாக வீடு கைமாறுவதைப் பரவலாகக் காணலாம்.

ஆனாலும் அடி தாங்க முடியாமல் நள்ளிரவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படலையைத் தாண்டுகிறவள் அந்த வீட்டுக்காரிதான். அடித்தவன் உள்ளே படுத்துத் தூங்குகிறான். பாதுகாப்பு இல்லம், தற்காலிகத் தங்குமிடம், ஆதரவுச் சேவை என்று நாம் பேசுவதெல்லாம் இந்தத் தலைகீழ் நிலைக்குப் பின்னால் வருகிறவை. அவை வேண்டும், உடனே வேண்டும். ஆனால் அவள் ஏன் வெளியேறினாள் என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு அவளை எங்கே தங்க வைப்பது என்று மட்டும் யோசிப்பதால்தான், தங்குமிடத்திலிருந்து திரும்புகிறவள் மறுபடியும் அதே அடிக்குள் போய் விழுகிறாள்.

பிரச்சினையின் அளவைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய நாடளாவிய ஆய்வு காட்டுகிறது. திருமணமான, அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் துணைவனிடமிருந்து உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருத்தி. துணைவனின் பாலியல் வன்முறையை அனுபவித்தவர்களில் 49.3 வீதமானோர் எந்த நிறுவனத்திடமும் உதவி கேட்டுப் போகவில்லை. வெட்கம், பழி தன்மேல் விழும் என்ற பயம், யாரும் நம்பமாட்டார்கள் என்ற எண்ணம், இது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்ற பழக்கம் ஆகியவையே அவர்கள் சொன்ன காரணங்கள். சட்டமும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்பட்டிருந்தாலொழிய, கணவன் மனைவியை வன்புணர்வது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் இன்னும் குற்றமாகவில்லை. முறைப்பாடு செய்யாத பாதிப் பேரை அறியாமையில் இருப்பவர்கள் என்று விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை நன்றாக அறிந்துதான் அவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

வெளியே என்ன இருக்கிறது? திருகோணமலை 11 பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்ட மாவட்டம். துறைமுகத்தைச் சுற்றிய பட்டினத்தில் நீதிமன்றம், கச்சேரி, பொது வைத்தியசாலை, சட்ட உதவி எல்லாம் நடைதூரத்தில் இருக்கின்றன. வடக்கே புல்மோட்டையிலிருந்து பட்டினத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். தெற்கே வெருகல் மட்டக்களப்பு எல்லையில் கிடக்கிறது. மேற்கே மொறவெவவும் கோமரங்கடவலவும் யானை நடமாடும் காட்டோரங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியா மக்கள் பட்டினத்துக்கு வரப் பாதை எனப்படும் மிதவைப் படகைத்தான் நம்பியிருந்தார்கள். மூதூரிலிருந்து வர, ஒன்று வள்ளத்தில் குடாவைக் கடக்க வேண்டியிருந்தது, அல்லது கரையைச் சுற்றி நெடுந்தூரம் பஸ்ஸில் வரவேண்டியிருந்தது. பாலங்கள் வந்தபின் பகற்பயணம் எளிதாகிவிட்டது. ஆனால் அடி விழுவது இரவில். கடைசிப் பஸ் போய்விட்ட பிறகு ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வீதியில் நின்றால், அவளை ஏற்றிச் செல்லக்கூடியது அயலவரின் ஓட்டோ மட்டும்தான். அந்த ஓட்டோக்காரன் பெரும்பாலும் கணவனின் கூட்டாளியாகவோ உறவுக்காரனாகவோ இருப்பான்.

ஆகவே முதல் இரவுக்கு அவள் போவது பெரும்பாலும் தாய் வீட்டுக்கு. இங்கே கிழக்கின் வழக்கு இரு பக்கமும் வெட்டுகிறது. தாயும் சகோதரிகளும் அதே வளவிலோ அடுத்த ஒழுங்கையிலோ இருப்பது பெரிய பலம். கூக்குரல் கேட்டு ஓடிவர ஆள் இருக்கிறது. வெளியூருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு மாமியார் வீட்டில் தனித்துக் கிடக்கும் பெண்ணுக்கு இந்தப் பலம் இல்லை. ஆனால் தாய் வீடு பக்கத்தில் இருப்பதாலேயே அவனும் பக்கத்தில் இருக்கிறான். காலையில் வாசலில் வந்து நிற்பான், அழுவான், பள்ளிவாசல் நிர்வாகத்தையோ கோயில் தலைவரையோ கூட்டி வருவான். மூத்த மகளின் குடும்பம் உடைந்தால் இளையவளுக்கு யார் மாப்பிள்ளை கொடுப்பார்கள் என்ற கவலையில் பெற்றவர்களே அவளைத் திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது பொலிஸ். சிறுவர், பெண்கள் பிரிவு உள்ள நிலையங்களிலும் இரவில் அந்தப் பிரிவின் பெண் உத்தியோகத்தர் கடமையில் இருப்பார் என்ற உறுதி இல்லை. தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இருப்பாரா என்பதும் நிலையத்துக்கு நிலையம் மாறும். 'தங்கச்சி, பிள்ளைகளை நினைச்சுச் சமாளிச்சுக்கொண்டு போங்க' என்ற வாக்கியத்தைக் கேட்காமல் பொலிஸ் வாசலிலிருந்து திரும்பிய பெண்கள் குறைவு. ஒரு என்ட்ரி போட்டு, இருவரையும் இருத்திப் புத்தி சொல்லி அனுப்புவதோடு விடயம் முடிந்ததாகக் கணக்கு. சில வேளை மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள். மத்தியஸ்த சபைகள் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தவை. வேலித் தகராறுக்கும் சிறு கடனுக்கும் நல்லவை. அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரு மேசையின் இரு பக்கத்தில் சமமாக இருத்தி இணக்கம் பேசுவது வேறு காரியம்.

மூன்றாவது, வைத்தியசாலை. சுகாதார அமைச்சு பல மாவட்டங்களின் பெரிய வைத்தியசாலைகளில் 'மிதுரு பியச' என்ற பெயரில் வன்முறைக்கு ஆளானோருக்கான பிரிவுகளை அமைத்தது. தமிழில் நட்பு நிலையம். என் பார்வையில் இந்த முழு அமைப்பிலும் மிகச் சரியாக யோசித்துச் செய்யப்பட்டது இதுதான். காரணம் எளிது: வைத்தியசாலைக்குப் போவதற்குப் பெண் யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. கிளினிக்குக்குப் போகிறேன் என்றால் போதும். காயத்துக்கு மருந்து கட்டுமிடத்திலேயே பயிற்சி பெற்ற தாதி தனியாக வைத்துப் பேசலாம், சட்ட வைத்தியரிடம் அனுப்பலாம். இலங்கையில் எத்தனையோ பெண்களுக்கு வார்ட் கட்டில்தான் முதல் பாதுகாப்பு இல்லமாக இருந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து என்று உணர்ந்த தாதியோ வைத்தியரோ இரண்டு நாள் கூடுதலாக வைத்திருப்பார்கள். எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறாத இந்த இரக்கத்துக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. அதை யாரும் தங்குமிடமாகக் கணக்கெடுப்பதில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போகிறவர்களில் கடனுக்காகப் போகிறவர்கள் உண்டு, வீடு கட்டப் போகிறவர்கள் உண்டு, கணவனிடமிருந்து தப்பப் போகிறவர்களும் உண்டு. இரண்டு வருட ஒப்பந்தம் அவர்களுக்கு இரண்டு வருடப் புகலிடம். 2013 இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் போவதைத் தடுத்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில்தான் அந்த விதி தளர்ந்தது. பிள்ளைகளைக் காக்கத்தான் அது கொண்டுவரப்பட்டது. அந்தத் தாய் எதிலிருந்து ஓடுகிறாள் என்பதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

இனி முறையான பாதுகாப்பு இல்லங்களுக்கு வருவோம். இங்கே இன்று இயங்கும் எந்தப் பாதுகாப்பு இல்லத்தின் ஊரையும் நான் குறிப்பிடப் போவதில்லை. அவை எங்கே என்று தெரியாமல் இருப்பதே அவற்றின் முதல் பூட்டு. உலகில் இவ்வகை இல்லங்களில் பரவலாக அறியப்பட்ட முதலாவது 1971 இல் இலண்டனின் சிஸ்விக்கில் எரின் பிட்சி தொடங்கியது. நம் நாட்டில் இந்தப் பணியின் முன்னோடி 1987 இல் கொழும்பில் உருவான 'விமன் இன் நீட்'. ஏறக்குறைய அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில், மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜினி திராணகம உள்ளிட்ட பெண்கள் சிலர் பூரணி இல்லத்தை நடத்தினார்கள். போரின் நடுவே, எல்லாத் தரப்புத் துப்பாக்கிகளுக்கும் இடையில், போக்கிடமற்ற பெண்களுக்கு ஒரு கூரை. ராஜினி 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். கிழக்கில், இடம்பெயர்ந்த பெண்களோடு 1991 இல் கொழும்பில் தொடங்கி 1993 இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், சட்ட உதவி, ஆற்றுப்படுத்தல், கலை நிகழ்வு என்று முப்பதாண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகிறது. திருகோணமலைப் பெண்களின் தேவை பலமுறை மட்டக்களப்பையோ யாழ்ப்பாணத்தையோ கொழும்பையோ பார்த்தே நகர்ந்திருக்கிறது. மாவட்டத்தை விட்டு வெளியேறுவது உயிராபத்து உள்ளவளுக்குத் தேவைதான். மற்றவளுக்கு அது இரண்டாவது தண்டனை.

இவற்றுக்கு எதிர்முனையில் அரசின் பழைய நிறுவனங்கள். 1841 ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த தடுப்பு இல்ல ஏற்பாடு இன்றும் இருக்கிறது. கங்கொடவிலவிலுள்ள மெத்செவன அதில் பெயர்பெற்றது. வன்முறைக்கு ஆளான பெண்களும் அங்கே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். குற்றம் செய்யாதவள் பூட்டிய கதவுக்குள், நீதவானின் கட்டளையின்றி வெளியேற முடியாமல், தன் மொழி பேசாதவர்களிடையே இருக்கிறாள். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

எத்தனை இடம் வேண்டும்? ஐரோப்பியப் பேரவை பரிந்துரைத்த அளவு 10,000 பேருக்கு ஒரு குடும்பத்துக்கான இடம். நமக்கு அது கட்டாயமில்லை. ஆனால் அளந்துபார்க்க ஒரு கோல் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம். அப்படியானால் 38 குடும்பங்கள் ஒரே நேரத்தில் தங்க இடம் வேண்டும். இந்த எண்ணைக் கேட்டுச் சிரிக்கும் அதிகாரிகளுக்கு நினைவூட்ட வேண்டிய ஒன்று உண்டு. தற்காலிகக் குடியிருப்பு அமைப்பதில் இந்த மாவட்டத்துக்கு இருக்கும் அனுபவம் நாட்டில் வெகுசில மாவட்டங்களுக்கே உண்டு. 1990 இன் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை, 2006 இல் போரால் சம்பூர், மூதூர், வெருகல் மக்களின் ஓட்டம். சம்பூர் மக்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமின் தகரக் கொட்டகைகளில் ஏறக்குறைய ஒரு தசாப்தம் வாழ்ந்தார்கள். அங்கேயே பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். ஆயிரக்கணக்கானோருக்குக் கூரை, தண்ணீர், உலர் உணவு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சில வாரங்களில் ஒழுங்குசெய்த கச்சேரிக்கு 38 குடும்பம் பெரிய எண் அல்ல.

அந்த முகாம்கள் தந்த பாடம் இன்னொன்றும் இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லாத மலசலகூடம், மெல்லிய தகரச் சுவர், வேலையிழந்து குடித்திருக்கும் ஆண்கள் என முகாமுக்குள் வன்முறை எப்படிப் பெருகியது என்பதை ஆழிப்பேரலைக்குப் பின் பெண்கள் அமைப்புகள் பதிவுசெய்தன. நிரந்தர வீடு கொடுக்கும் நேரம் வந்தபோது 'குடும்பத் தலைவர்' என்று படிவத்தில் ஆண் பெயரே எழுதப்பட்டது. கடல் கொண்டுபோன வீடு மனைவியின் சீதனம். அரசு கட்டிக்கொடுத்த வீடு கணவனின் பெயரில். தலைமுறைகளாகப் பெண் வழியில் வந்த உடைமை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தால் கைமாறிய ஊர்கள் கிழக்குக் கரையில் உண்டு. கூட்டு உரிமை வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் அன்று கேட்டது இந்த இழப்பைக் கண்முன்னே பார்த்துத்தான். கந்தளாய், அல்லைக் குடியேற்றங்களில் நிலைமை வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட் காணி. வாரிசு வரிசையில் மகனுக்கு முதலிடம் இருந்தது. 2022 இல்தான் அந்த ஏற்றத்தாழ்வு திருத்தப்பட்டது. சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று எந்தச் சமூகத்துப் பெண்ணாக இருந்தாலும், பேர்மிட் கணவன் பெயரில் இருந்தால் அவள் வாதாட ஒரு தாளும் இல்லாமல்தான் வெளியேறுகிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பலர் நினைப்பதைவிட வலியது. பாதிக்கப்பட்டவர் தானே நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்; அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். நீதவான் அன்றே இடைக்காலக் கட்டளை வழங்கலாம். 14 நாட்களுக்குள் விசாரணை. பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. கட்டளையால் அவனை அவளுடைய வீட்டுக்குள், அது இருவரும் கூடி வாழ்ந்த வீடாயினும், நுழையாமல் தடுக்கலாம். வேலைத்தலத்துக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் அவள் தங்கியிருக்கும் இல்லத்துக்கும் வராமல் தடுக்கலாம். அவளை நிர்க்கதியாக்கும் வகையில் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாதபடி செய்யலாம். அவள் சம்மதித்தால் தற்காலிகத் தங்குமிடத்துக்கும் அவசரப் பணத்துக்கும் கட்டளையிடலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். சட்டம் மத வேறுபாடின்றி எல்லோருக்கும் உரியது. தாபரிப்பும் விவாகரத்தும் காதி நீதிமன்றத்தின் கையில் இருக்கும் முஸ்லிம் பெண்ணும் பாதுகாப்புக் கட்டளைக்கு நேரே நீதவானிடம் போகலாம். இதைக் கிண்ணியாவிலும் மூதூரிலும் வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் அடித்தவனை வெளியே நிறுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. வழக்கத்தில் வீடும் அவளுடையது. பிறகும் அவளே வெளியேறுவது ஏன்? கட்டளை கிடைக்கும் வரையான சில நாட்களுக்கு, சட்டத்துக்கும் அவளுக்கும் இடையில் யாரும் இல்லாததால். ஒஸ்திரியா இந்த இடைவெளியை 1997 இல் அடைத்தது: வன்முறை நடந்த வீட்டுக்கு வரும் பொலிஸே, நீதிமன்றத்துக்குக் காத்திராமல், அடித்தவனை அங்கிருந்து வெளியேற்றி, குறிப்பிட்ட நாட்களுக்குத் திரும்பி வராமல் தடுக்கலாம். 2002 இல் ஜேர்மனியும் அடிப்பவனே வெளியேற வேண்டும் என்ற நெறியில் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் கூடி வாழும் வீட்டில் தங்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தந்தது. கணவனின் பெற்றோர் பெயரில் வீடு இருந்தால் அந்த உரிமை இல்லை என்று 2006 இல் சுருக்கிய உச்ச நீதிமன்றம், 2020 இல் அதைத் திருத்தி விரித்தது. வீடு பெண்வழி வரும் கிழக்கிலங்கைக்கு ஒஸ்திரிய வழி மிகப் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். திருகோணமலைப் பொலிஸ் பிரிவில் முதலில் செய்து பார்க்கக்கூடிய சீர்திருத்தம் இது.

அது வந்தாலும் இல்லங்கள் தேவைப்படும். கத்தியோடு திரிகிறவனுக்குக் கட்டளை ஒரு தாள்தான். ஆனால் இல்லத்தின் தரத்தை இரவுகளின் எண்ணிக்கையில் அளக்கக் கூடாது. திருகோணமலையில் ஓர் இல்லம் என்றால் மூன்று சமூகப் பெண்களும் ஒரே அடுப்பில் சமைக்க முடிகிற இல்லமாக அது இருக்க வேண்டும்: ஹலால் இறைச்சியும், வெள்ளிக்கிழமை விரதமும், நோன்பு திறக்கும் நேரமும், போயா தினமும் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல இல்லங்கள் பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளை ஏற்பதில்லை. மூத்த மகனைச் சிறுவர் இல்லத்தில் விட்டுவிட்டு வா என்று தாயிடம் சொன்னால் அவள் வரமாட்டாள், வரவும் கூடாது. பாடசாலை இன்னொரு பொறி. புதிய பாடசாலையில் சேர விடுகைப் பத்திரம் வேண்டும். பழைய பாடசாலையில் தகப்பன் போய்க் கேட்டால் பிள்ளை எங்கே சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இது ஒரு வலயக் கல்விப் பணிப்பாளரின் சுற்றறிக்கையால் தீரக்கூடிய விடயம். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரி உதவி குடும்பத்தை அலகாகக் கொண்டது; குடும்பம் பிரிந்தால் கணக்கு யாருடையது என்பதை, விதானையும் பிரதேச செயலகமும் அவள் அலைந்து களைத்துப்போகும் முன் தீர்க்க வேண்டும். நுண்கடன் குழுக்களில் கையெழுத்திட்டது அவள். காசைச் செலவழித்தது அவனாக இருக்கலாம். வாராந்தம் தவணை கேட்டு வருகிறவர் அவள் ஒளிந்திருக்கும் இடத்தையும் தேடுவார்.

இவற்றுக்கெல்லாம் ஒரு வருடமாவது வேண்டும். இந்தியாவில் 2015 முதல் மாவட்டந்தோறும் வந்த சகி மையங்களில் தங்க ஐந்து நாள்தான். சுவாதார் இல்லங்களில் வீட்டு வன்முறைக்கு ஆளானவர் ஒரு வருடம் வரை தங்க முடிந்தது. முதலாவது மட்டும் இருந்தால் ஆறாம் நாள் என்ன என்ற கேள்வி நிற்கும். நம் மாவட்டத்துக்கு நான் கேட்பது இரண்டையும்: மூதூர், கந்தளாய், புல்மோட்டைப் பக்கங்களில் வைத்தியசாலையை ஒட்டி, இரவிலும் திறக்கும் சில கட்டில்கள், பட்டினத்தில் அல்லது மாவட்டத்துக்குள் எங்காவது ஒரு நீண்டகால இல்லம். 1938 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கும் பெண்ணிடம், இன்றிரவு எங்கே போகலாம் என்று தமிழில் சொல்லக்கூடிய பதில் அப்போதுதான் இருக்கும்.

பணம் யார் தருவது என்பதில்தான் காரியம் முடங்குகிறது. சமூக சேவையும் நன்னடத்தையும் 13 ஆம் திருத்தத்தின்படி மாகாணத்தின் பொறுப்பில் வருகின்றன. பெண்கள் விவகாரம் மத்திய அமைச்சின் கையில். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. வெளிநாட்டு நிதியில் தொடங்கும் இல்லங்கள் திட்டம் முடியும்போது மூடப்படுகின்றன. பழகிய ஆற்றுப்படுத்துநர் வேறு வேலைக்குப் போகிறார். 2024 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பெண்கள் வலுவூட்டல் சட்டம் தேசிய பெண்கள் ஆணைக்குழுவுக்கு வழி திறந்திருக்கிறது. அந்த ஆணைக்குழு திருகோணமலைக்கு வரும்போது, மாவட்டச் செயலகத்தின் வருடாந்த ஒதுக்கீட்டில் பாதுகாப்பு இல்லத்துக்கு நிரந்தரமான தனித் தலைப்பு ஒன்றைக் கேட்க வேண்டும். அதே கூட்டத்தில் பொலிஸ் அத்தியட்சகரிடம், கடந்த வருடம் பொலிஸ் தானே முன்வந்து நீதவானிடம் விண்ணப்பித்த பாதுகாப்புக் கட்டளைகள் எத்தனை, அவற்றில் கணவனை வீட்டுக்கு வெளியே நிறுத்தியவை எத்தனை என்றும் கேட்க வேண்டும்.